பதினேழாம் திகதி விளையாடியவர்

தோடம்பழத்தை நாலாகப் பிளக்கவேண்டும், எட்டாக இல்லை, நாலாக, பாதி ஆட்டத்தில் களைத்து வருகிறவன் தோலைப் பிடித்து ஒரு கடியில் உறிஞ்சிவிட்டு எறிய அதுதான் வாய்க்கு அளவு என்று றஞ்சி அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தா. துசாந்தினி ஒன்பதாவது பழத்தைப் பலகையில் வைத்து அழுத்தினாள். கத்தி மொட்டை. தோல் அமுங்கி, வழுக்கி, சாறு பெருவிரல் நகக்கண்ணில் இருந்த வெடிப்புக்குள் இறங்கிச் சுரீர் என்றது. எரியட்டும். எரிகிறதுக்கு இன்றைக்கு இது ஒன்றுதானா. இது மைதானத்துக் கட்டடத்தின் குசினி, கவுன்சில் கட்டிவிட்டது, ஒரு பக்கம் பெடியள் உடுப்பு மாற்றுகிற அறைகள், மறு பக்கம் நீட்டு மேசை போட்ட கூடம், கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் தேத்தண்ணி நீட்டுகிற யன்னல். அந்த யன்னலின் இழுவைப் பலகை முழுதாக மூடாது, எப்போதும் நாலு விரல் இடைவெளி திறந்தே நிற்கும். அந்த நாலு விரலுக்குள்ளால் கூடம் தெரிந்தது. உதைபந்தாட்ட லீக்கில் இருந்து விசாரிக்க வந்த வெள்ளைக்கார அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தா. பக்கத்தில் எழுதுகிறதுக்கென்று ஒரு மெல்லிய ஆள். மேசையின் ஓரத்தில் நடுவர் டெனிஸ், வலது மணிக்கட்டில் தோல்நிறத்துப் பட்டி. இந்தப் பக்கம் முதுகு காட்டிக்கொண்டு இரண்டு பேர். ஒருவர் கழகச் செயலாளர் ஜெகதீசன் அண்ணை, றஞ்சி அக்காவின் மனுசன். மற்றவர் பகீரதன், அவளுடைய மனுசன், கலியாணத்துக்குத் தைத்த கோட்டுக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு, செய்யாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை அவளின் காலடியில் கார்க்கூடைக்குள் நித்திரை. மூன்று மாதப் பிள்ளை, மூடின கைக்குள் பெருவிரலை ஒளித்து வைத்துக்கொண்டு தூங்குகிறது, அதற்கு என்ன தெரியும், அதைக் காட்டத்தான் தாயையும் சேர்த்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். குழந்தையைக் கண்டால் வெள்ளைக்காரர் இளகுவினம் தங்கச்சி, தண்டனையைக் குறைப்பினம், நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, கேட்டால் மட்டும் சொல்லும் என்று றஞ்சி அக்கா காருக்குள் வைத்து மூன்று வசனம் பாடமாக்கிவிட்டிருந்தா. ஹஸ்பண்ட் குட் மேன். வெரி சொறி. ஸ்மோல் பேபி. மூன்றையும் அவள் கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னாள், சொல்லும்போது முன் சீற்றில் இருந்த பகீரதன் திரும்பிப் பார்க்கவேயில்லை, வைப்பர் போய்ப்போய் வருகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல மனுசன் என்று இவர்களுக்கு அவள் சொல்லித்தான் தெரியவேண்டுமோ. பத்தாவது பழம். நல்ல மனுசனாக இருந்தபடியால்தானே இந்தக் கதிரையில் கொண்டுவந்து இருத்தினீர்கள், கொஞ்சம் பொல்லாத மனுசனாக இருந்திருந்தால் வாசலில் வைத்தே போங்கோ அண்ணை என்று சொல்லியிருப்பார். அவளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, ஷெல்லடியில் ஓடி ஓடி, பிறகு முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து, பள்ளிக்கூடம் திரும்பி வரவேயில்லை. அதனால் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க நாக்கு ஒட்டும். ஆனால் திகதி தெரியும். மணிக்கூடு பார்க்கத் தெரியும். நவம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, விடிய ஐந்து மணிக்கு நீர் உடைந்தது. பகீரதன் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் செருப்புமாகத்தான் கார் ஓடினார், ஆசுபத்திரி வாசலில் நின்றுகொண்டே ஜெகதீசன் அண்ணைக்குப் போன் எடுத்தார், அண்ணை இண்டைக்கு என்னைப் பாக்காதேங்கோ, துசாவுக்குத் தொடங்கீட்டுது. நல்லது நல்லது, அவவைப் பார், பந்து எங்க ஓடப்போகுது என்று அண்ணை சொன்னது போனுக்கு வெளியே அவளுக்கும் கேட்டது. அந்த நோவுக்குள்ளும் எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தாள். நினைத்தாளே. அந்த நல்ல மனுசன் பத்தரைக்கு ஆட்டம் தொடங்கப் பதினொரு பேர் தேறவில்லை என்று, பார்க்க வந்து கோட்டுக்கு வெளியே நின்ற தன் மைத்துனன் நிரோஜனைப் பிடித்து, றஞ்சி அக்காவின் தம்பியை, லீக்கில் பெயரே பதியாத பெடியனை, எட்டாம் நம்பர் ஜேர்சியைப் போட்டு இறக்கிவிட்டார். பகீரதனின் எட்டு. பகீரதனின் அட்டை. ஒவ்வொருத்தனுக்கும் படம் ஒட்டின அட்டை இருக்கிறது, ஆட்டத்துக்கு முதல் மற்ற அணிக்காரருக்கு அதைக் காட்டவேண்டும், அவர்கள் பார்ப்பதில்லை, பிளாஸ்ரிக் உறையை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத் திருப்பித் தருவார்கள். பார்த்தாலும் என்ன, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தாடி, வெள்ளையளுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதானே என்று அண்ணை பிறகு சிரித்தார். வெள்ளைக்காரன் அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகிறவர். பேருந்தில் ஒருத்தி அப்படிச் சொன்னாள் என்று முறைப்பாடு எழுதிப் போட்டவர். தன் தேவைக்கு வந்தவுடன் எங்கள் முகமெல்லாம் ஒன்றாகிவிட்டது, பகீரதனின் மூக்கும் நிரோஜனின் மூக்கும் ஒன்றாகிவிட்டது, ஓடிப் பந்தைக் கொடுத்துவிட்டுப் பின்னுக்கு நிற்கிற இவரும், விழுந்தவனுக்குக் கை கொடுக்காமல் தாண்டிப்போகிற அவனும் ஒன்று.

பந்து கையில் பட்டதென்று நடுவர் ஊதினார், பட்டதுதான், நிரோஜனே பிறகு சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். ஊதினதற்கு முகத்துக்கு முன்னால் போய் நின்று கத்தினான், மஞ்சள் மட்டை காட்ட நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான், அறுபத்துநாலு வயது மனுசன் பின்னுக்குப் போய்ச் சேற்றில் விழுந்து கையை ஊன்ற மணிக்கட்டு முறிந்தது. நடுவரின் புத்தகத்தில் எட்டாம் நம்பருக்கு எதிரே என்ன பெயர் இருந்ததோ அந்தப் பெயர்தான் தள்ளியது. அந்தப் பெயருக்குத்தான் கடிதம் வந்தது. வந்த கடிதத்தைப் பார்த்தால் மிஸ்டர் கார்த்திகேசு என்று இருக்கிறது. இவர்கள் எங்கள் தகப்பன் பெயரைத்தான் பெரிய பெயராக எடுப்பார்கள், அது பகீரதனின் தகப்பனின் பெயர், மாமா செத்து ஒன்பது வருஷம், வலையும் வள்ளமுமாகக் கிடந்த மனுசன், காலால் ஒரு தேங்காயைக்கூட உதைத்திருக்கமாட்டார், அவரை இங்கிலாந்தில் உதைபந்தாட்டத்தால் விலக்கிவைக்கப்போகிறார்களாம். பகீரதன் அந்தக் கடிதத்தை மடித்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தார். அவள் எடுத்துத் தூசி துடைத்துத் திருப்பி அங்கேயே வைத்தாள். ஒவ்வொரு நாளும் துடைத்து வைத்தாள். பன்னிரண்டாவது பழத்தில் ஒரு பக்கம் பூஞ்சணம், வெட்டி எறிந்தாள், மிச்சம் நல்லாய்த்தான் இருந்தது. எப்போது சொன்னார்கள், அதைத்தான் மறக்கமுடியாது. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். றஞ்சி அக்கா சரக்குக்கறி காய்ச்சிச் சட்டியோடு கொண்டுவந்தா, மல்லியும் மிளகும் மஞ்சளும் மணக்க மணக்க, பிள்ளைப்பெத்தவள் சூடாய்ச் சாப்பிடவேணும் என்று தன் கையாலே சோற்றில் ஊற்றிக் குழைத்துத் தந்தா. அவள் கட்டிலில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, வெளியே நடையில் ஜெகதீசன் அண்ணை தணிந்த குரலில், டேய் பகீ, ஒரு பேர்தானே, பேர் தேயுமோ, அவன் மருந்துக்கடைக்குப் படிக்கிற பெடியன், அடிச்சவன் எண்டு பதிஞ்சால் அவன்ர படிப்பே போச்சு, பொய்ப்பேரில ஆள் இறக்கினது தெரிஞ்சால் கழகத்தையே லீக்கால தூக்குவாங்கள், பதினாறு வருஷக் கழகம், நீ படிக்கவோ போறாய் இனி. அவளுக்கு வாய்க்குள் இருந்த சோறு இறங்கவில்லை. றஞ்சி அக்கா தண்ணி எடுத்துத் தந்தா, உறைப்போ பிள்ளை என்றா. ஓம் என்றாள். உறைப்பு என்றாள். இன்றைக்கும் அந்த மிளகு தொண்டையில் நிற்கிறது, இருமினாலும் போகாது, செமித்தாலும் போகாது.

பேர் தேயுமோ. தேயாதோ. முகாமில் காலமையில் ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள், அப்போது அவளுக்குப் பதினொரு வயது, பக்கத்துக் கூடாரத்து மாமா ஒருவர், பெயர் மறந்துபோயிற்று, பார், அவரின் சொந்தப் பெயர்தான் அவளுக்கு மறந்துபோயிற்று, காய்ச்சலாய்க் கிடந்த தன் மச்சானின் பெயரை வாசிக்கத் தான் எழும்பிப் போனார், நிவாரணம் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கையில் உரப்பையும் கொண்டு போனார். பஸ்சில் ஏற்றினார்கள். உரப்பையோடு யன்னலோரத்தில் இருந்தவர்தான், பிறகு எவரும் அவரைக் காணவில்லை. அன்று பின்னேரம் அப்பா அவளையும் தம்பியையும் மடியில் பிடித்து வைத்துச் சொன்னார், உங்கட பேர் கூப்பிட்டால் மட்டும் எழும்புங்கோ, ஆற்றையும் பேருக்கு எழும்பாதேங்கோ. இங்கே வந்து எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளியும் பகீரதன் இன்னொருத்தனின் கைக்காக எழும்பி நிற்கிறார். இது பொலிஸ் இல்லைத் தங்கச்சி, பந்துதானே என்று அண்ணை சொல்கிறார். வீசாப் புதுப்பிக்கிற இடத்தில் இதைக் கேட்கமாட்டார்களா, இந்த நாட்டில் எல்லாக் கம்பியூட்டரும் ஒன்றோடு ஒன்று கதைக்கும் என்று அவளுக்குத் தெரியும், அண்ணைக்குத் தெரியாதா. தெரியும். அண்ணைக்கு எல்லாம் தெரியும், வீசாவுக்குக் கூடவந்தவரே அவர்தான். அதுதான் பகீரதனின் கழுத்தில் போட்ட கயிறு. அவள் வந்து இறங்கின புதிசில் எட்டு மாதம் அண்ணையின் மேல்வீட்டு அறையில்தான் இருந்தார்கள், விண்ணப்பம் நிரப்பித் தந்தவர், வேலைக்குச் சொல்லிவிட்டவர், அண்ணை இல்லாட்டி நாங்கள் இல்லைத் துசா என்று இவர் இரவிலும் சொல்வார், பகலிலும் சொல்வார். இல்லாவிட்டால் இல்லைத்தான். அதற்காக இருக்கிற ஒன்றையும் எடுத்துக் கொடுப்பதோ. இவருக்கென்று இருக்கிறது சனிக்கிழமைக் காலமை. கிழமை முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிவிட்டு, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கப் போவார், அதற்கென்று பாடம் படித்துச் சோதனை எழுதித் தேறினவர், அந்தச் சான்றிதழ் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கோச் பக்கி என்று அதுகள் கத்திக்கொண்டு ஓடிவரும், குந்தியிருந்து ஒவ்வொருத்தனின் சப்பாத்துக் கயிறையும் கட்டிவிடுவார், இரட்டை முடிச்சு. தடை விழுந்தால் ஐந்து வருஷம். விளையாடமுடியாது, பழக்கமுடியாது, கோட்டுக்கு வெளியே நின்று கொடி பிடிக்கவும் முடியாது. ஐந்து வருஷத்தில் இந்தப் பிள்ளைக்கே சப்பாத்துக் கயிறு கட்டுகிற வயது வந்துவிடும், வந்து அப்பா என்ன செய்தவர் என்று கேட்டால், அடிச்சவர் என்று சொல்வதோ, எப்ப அடிச்சவர் என்று கேட்டால்.

கூடத்தில் அந்த அம்மா கடுதாசி வாசிக்கிறா. மெல்ல, எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறா, அதனால் அவளுக்கும் பாதி விளங்குகிறது. நவம்பர் செவன்ரீன். இலெவன் ஃபோர்ட்டி, நடுவரின் மணிக்கூட்டின்படி. அவள் கத்தியை நிறுத்தினாள். பதினொன்று நாற்பது. பிள்ளையின் பையில், பம்பர்ஸுக்கும் துவாய்க்கும் நடுவில், எங்கே போனாலும் கொண்டுபோகச் சொல்லித் தாதி தந்த சிவப்புப் புத்தகம் இருக்கிறது, ஊசி போட்டது, நிறை பார்த்தது எல்லாம் எழுதுகிற புத்தகம், அதன் முதல் பக்கத்தில் பிறந்த திகதி, பிறந்த நேரம், நீல மையில், பதினொன்று முப்பத்தெட்டு. உறைக்குள் ஒரு படமும் செருகியிருக்கிறது, மருத்துவச்சி எடுத்துத் தந்த படம். பகீரதன் பிளாஸ்ரிக் ஏப்ரனோடு, கண் கலங்கி, பல்லெல்லாம் தெரிய, கையில் கத்தரிக்கோல், கொப்பூழ்க்கொடி வெட்டினவர் அவர்தான், மருத்துவச்சி அவர் கைக்கு மேல் தன் கையை வைத்து வெட்டவைத்தா, பின்னுக்குச் சுவரில் மணிக்கூடு, பெரிய முள் எட்டில் நிற்கிறது. அந்தக் கையா நடுவரைத் தள்ளியது. பதினொன்று நாற்பதுக்கு அந்தக் கை எங்கே இருந்தது என்று உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும், ஒருத்தி மருத்துவச்சி, ஒருவர் பேசாமல் இருக்கிறார், மற்றவள் தோடம்பழம் வெட்டுகிறாள். அப்போது பகீரதன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். தான் தள்ளினது பிழை, ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று பாடமாக்கின இங்கிலீசில் சொல்லிவிட்டு, மேசைக்கு மேலால் கையை நீட்டினார். நடுவர் பின்னுக்குப் போனார். கொஞ்சம்தான், கதிரை முதுகில் தோள் முட்டுகிற அளவு, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார், பிறகு வெட்கப்பட்டு இடக்கையை நீட்டினார். துசாந்தினி அதைப் பார்த்தாள். நாலு விரல் இடைவெளிக்குள்ளால் அது மட்டும் தெரிந்தது. இவ்வளவு நாளும் பெயர், கடிதம், தடை, வீசா என்று எல்லாவற்றையும் நினைத்தவள் இதை நினைக்கவில்லை, இவரைக் கண்டு ஒருத்தர் பயப்படுவார் என்று. சப்பாத்துக் கயிறு கட்டிவிடுகிற மனுசனைக் கண்டு. சற்று முன் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தபோது அந்த நடுவர் இடக்கையால் கோப்பையைத் தூக்கினார், கோப்பை கிலுகிலுத்தது, நன்றி லவ் என்று அவளைப் பார்த்துச் சிரித்தார், இருபது வருஷமாக ஊதினவர், இனி ஊதமாட்டாராம், மனுசி விடமாட்டாவாம் என்று அந்த அம்மாவுக்குச் சொன்னார். அவருக்கும் பிழையான ஆளைத்தான் காட்டியிருக்கிறார்கள். செத்துப்போகுமட்டும் அந்த மனுசன் இரவில் பயந்து முழிக்கும்போது பகீரதனின் முகம்தான் வரும், தள்ளினவன் யுனிவர்சிற்றியில் இருந்து மீசை முறுக்கிக்கொண்டிருப்பான், இன்றைக்குக்கூட வரவில்லை, சோதனையாம்.

பதினைந்தாவது பழம், கடைசிப் பழம். பிள்ளை முனகியது, அவள் காலால் கூடையை மெல்ல ஆட்டினாள். கூடத்தில் கதை மாறியிருந்தது. ஜெகதீசன் அண்ணை அந்த அம்மாவுக்குச் சொல்கிறார், இவன் நல்ல பெடியன் மேடம், இப்பத்தான் தகப்பன் ஆனவன், ஸ்மோல் பேபி, குசினிக்குள்ளதான் இருக்கு, காட்டட்டோ. அவளின் மூன்றாவது வசனத்தை அவரே எடுத்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் முகம் உண்மையாகவே இளகியது, கண்ணாடியைக் கழற்றினா, பெண் பிள்ளையா என்று கேட்டா, பெண் பிள்ளை, ஆரணி, என்று பகீரதன் சொன்னார், இன்றைக்கு முழுக்க அவர் குரல் குரலாக வந்தது அந்த ஒரு சொல்லில்தான். எத்தனை வயது. மூன்று மாதம், என்று ஜெகதீசன் அண்ணை கெட்டிக்காரன் மாதிரி முந்திக்கொண்டார். மூன்று மாதமா என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா கையிலிருந்த கடுதாசியைப் பார்த்தா, பிறகு திருப்பிப் பார்த்தா, அந்த எழுதுகிற ஆளும் எழுதுவதை நிறுத்தினார். பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டா, குரல் அதே மெதுவான குரல்தான், சிரிப்பு மட்டும் இல்லை. ஜெகதீசன் அண்ணையின் பிடரி சிவந்து வருவதை அவள் கண்டாள், அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்கிறது, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்து வாழையிலையில் மூன்றுதரம் பாயாசம் வாங்கிச் சாப்பிட்டவர், நாள் எண்ணவில்லை, அவருக்கு அது பகீயின் பிள்ளை, ஏதோ ஒரு நாள் பிறந்த பிள்ளை. அவர் எழும்பி யன்னலடிக்கு வந்தார், தேத்தண்ணி கேட்க வருகிறவர் மாதிரி, நாலு விரல் இடைவெளிக்கு வாயைக் கொண்டுவந்து, தமிழில், மிக அன்பாக, "தங்கச்சி, கேட்டால் டிசம்பர் எண்டு சொல்லும். டிசம்பர் ரெண்டு. சும்மா ஒரு நாள்தானே."

சும்மா ஒரு நாள். அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை, குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது மட்டும் கேட்டது. பேரைக் கேட்டார்கள், கொடுத்தாயிற்று, சனிக்கிழமையைக் கேட்டார்கள், கொடுக்கப்போகிறார், இப்போது பதினேழாம் திகதியையும் கேட்கிறார்கள், அவள் ஆறு மணித்தியாலம் கட்டில் கம்பியைப் பிடித்துக் கத்திக் குளறி வாங்கின திகதியை, அந்தத் தொண்டை கிழிந்த ஒரு நாளை, அண்ணையின் மைத்துனனின் படிப்புக்கு. அவளிடம் படிப்பு இல்லை, இங்கிலீசு இல்லை, இந்த நாட்டில் ஒரு பிடி மண் இல்லை, சொந்தமென்று கையில் இருக்கிறது ஒரு திகதியும் ஒரு நேரமும். டிசம்பர் இரண்டு என்று இன்றைக்குச் சொன்னால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வாள், கேக்கில் எத்தனையாம் திகதி மெழுகுதிரி கொளுத்துவாள். அண்ணையின் கண் இடைவெளிக்குள் நின்றது, கெஞ்சுகிற கண், விண்ணப்பம் நிரப்பித் தந்த அதே கண். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவத்தின் மேலேயே கோபமாகவும் இருந்தது. நாக்கு ஒட்டத்தான் செய்தது. புத்தகத்துக்குக் கதைக்கத் தெரியும், அவள் கதைக்கத் தேவையில்லை என்று நினைத்தாள், பக்கத்தில் விரலை வைத்தால் போதும், நம்பர் எல்லாப் பாசையிலும் நம்பர்தான். ஆனால் பகீரதன் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாரே, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினால் என்ன செய்வாள், அவருக்கு மேலால் தாண்டிப்போக அவளால் முடியுமா, ஒரு நாளும் போனதில்லையே. அப்போது பகீரதன் திரும்பினார். காருக்குள் திரும்பாதவர், இப்போது கதிரையோடு முழு உடம்பும் திரும்பி, அண்ணையின் தோளைத் தாண்டி, அந்த நாலு விரல் இடைவெளியைப் பார்த்து, அவளைப் பார்த்து,

"துசா," என்றார். "பிள்ளையைக் கொண்டு இஞ்ச வாரும். நீரே சொல்லும்."

அவள் கத்தியை வைத்தாள், தோடம்பழச் சாறு வடிகிற கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்து, மற்றக் கையைப் பைக்குள் விட்டுத் துவாய்க்குக் கீழே தடவிச் சிவப்புப் புத்தகத்தை இழுத்து எடுத்து, முதல் பக்கத்துக்குள் எரிகிற பெருவிரலை அடையாளமாக வைத்து மூடிப் பிடித்துக்கொண்டு, கதவை முழங்கையால் தள்ள, எல்லா முகமும் அவள் பக்கம் திரும்ப, நடுவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, "நவம்பர் செவன்ரீன்," என்றாள்.